இதயத்தின் எல்லைகள்: மருத்துவப் படங்களில் கணிப்பொறி உறுப்பு வகுக்கும் முறை

உயிரோடிருக்கும் மனிதனின் இதயத்தை நெஞ்சைப் பிளவாமலே காணும் வழி சென்ற நூற்றாண்டில்தான் முழுமை பெற்றது. 1895-இல் இராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். 1953-இல் சுவீடன் நாட்டு லுண்டு நகரில் எட்லர் என்னும் மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்னும் இயற்பியலாரும் மீயொலியைக் கொண்டு இதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர். 1971-இல் ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த சி.டி. கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படமெடுத்தது. 1973-இல் லாட்டர்பர் காந்த ஒத்ததிர்வால் உருவம் அமைக்கலாகும் என்பதைக் காட்டினார். எம்.ஆர்.ஐ. என்று இன்று வழங்குவது அதன் வழிவந்ததே. இக்கருவிகளின் உதவியால் இதயத்தைக் காண்கின்றோம். ஆயினும் காண்டல் வேறு, அளத்தல் வேறு. ஓர் அறை எவ்வளவு குருதியைக் கொள்கின்றது, அதன் சுவர் எவ்வளவு தடித்துள்ளது என்று கூறவேண்டுமாயின், அவ்வறை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதை முன்னர் வரையறுத்தல் வேண்டும். படமோ அவ்வெல்லையைத் தானாகக் கூறுவதில்லை. எல்லையைக் கண்டு வகுக்கும் தொழில் நெடுங்காலம் மருத்துவர் கையால் நடைபெற்றது. இன்று கணிப்பொறி அதனைப் பெரிதும் மேற்கொண்டுள்ளது. அஃது எவ்வாறு வகுக்கின்றது, எவ்விடத்துத் தவறுகின்றது, அத்தவற்றால் நோயாளிக்கு வரும் கேடு யாது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

பெயரைப் பற்றி

ஆங்கிலத்தார் செக்மெண்டேஷன் என்று குறிக்கும் இத்தொழிலைத் தமிழில் எவ்வாறு வழங்குவது? ‘துண்டாக்கல்’ என்பார் உளர். இங்கே யாதும் வெட்டப்படுவதில்லை. ஆகலின் அச்சொல் பொருந்தாது. ‘பகுப்பு’ என்பது ஓரளவு பொருந்தும். எனினும் ஒன்றைச் சம கூறுகளாக்குதலும் பகுப்பே ஆதலின் மயக்கம் நேரும். ஒரு படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் எடுத்து, ‘இஃது இடக்கீழறையைச் சார்ந்தது, இஃது இதயத்தசையைச் சார்ந்தது, இஃது இரண்டும் அன்று’ என்று வகை செய்து பெயரிடுதலே இத்தொழிலின் உயிர். ஆகவே ‘உறுப்பு வகுத்தல்’ என்னும் தொடரை யாம் ஆள்கின்றோம்.

தமிழ் கற்றார்க்கு இத்தொழில் முற்றிலும் புதிதன்று என்பதையும் ஈண்டுச் சுட்டலாம். பனையோலைச் சுவடியில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இல்லை. ரகரமும் காலும் ஒருபடியாகவே தோன்றும். ஆயினும் பதிப்பாசிரியர் சீர் பிரித்தும் சொல் பிரித்தும் நமக்குத் தருகின்றனர். எழுத்தின் வடிவை மட்டும் நோக்கினால் அஃது இயலாது. பாட்டின் பொருளை மட்டும் நோக்கினாலும் இயலாது. இரண்டையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். இக்கருத்து இக்கட்டுரையின் நடுவே மீண்டும் பயன்படும்.

படத்தின் இயல்பு

மனித இதயம் நான்கு அறைகளை உடையது. நுரையீரலினின்று வரும் தூய குருதியை இட மேலறை ஏற்று இடக்கீழறைக்கு அனுப்ப, இடக்கீழறை அதனை உடல் முழுதும் செலுத்துகின்றது. உழைப்பு மிகுதி ஆதலின் அதன் சுவர் தடித்தது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் வளையம்போல் வட்டமாகத் தோன்றும். வலக்கீழறையோ நுரையீரலுக்கு மட்டும் அனுப்புவது. அதன் சுவர் மெல்லியது. இடக்கீழறையைத் தழுவிப் பிறைபோல் கிடப்பது. இவ்விரண்டனுள் பிறையை வகுத்தல் வளையத்தை வகுத்தலினும் அரிது.

காந்த ஒத்ததிர்வுப் படத்தில் இதயத்தை அதன் நீள அச்சுக்குக் குறுக்காக, ரொட்டியை அரிவதுபோல், அடுக்கடுக்காகப் படமெடுப்பர். ஒவ்வோர் அடுக்கும் பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் அளவு தடிமன் உடையது. முழுக் கீழறையையும் காட்டப் பத்து அடுக்குகள் வேண்டும். ஆனால் ஓரடுக்கினுள் ஒரு புள்ளியின் அகலம் 1 அல்லது 2 மில்லிமீட்டரே. இதனால் குறுக்கே நோக்குங்கால் படம் தெளிவாகவும், நெடுக நோக்குங்கால் படிக்கட்டு போலவும் அமைகின்றது. இக்குறையை மனத்தில் இருத்துதல் வேண்டும். பின்னர்க் கூறப்போகும் பிழையின் வேர் இங்கேதான் உள்ளது.

இன்னொன்று. இதயம் நிற்பதில்லை. ஒரு துடிப்பினுள் முழுப்படத்தையும் எடுத்துவிடும் அளவுக்குக் கருவிக்கு விரைவு போதாது. ஆகவே இ.சி.ஜி. குறிப்பைத் துணைக்கொண்டு, பல துடிப்புகளில் ஒரே கட்டத்தில் கிடைத்த செய்திகளைச் சேர்த்து ஒரு துடிப்பின் படவரிசையாகத் தைக்கின்றனர். அவ்வளவு நேரமும் நோயாளி மூச்சை அடக்கிக்கொண்டிருத்தல் வேண்டும். ஓரடுக்குக்கு அடக்கிய மூச்சும் அடுத்த அடுக்குக்கு அடக்கிய மூச்சும் ஒத்திராவிடின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சரிவரப் பொருந்தா. மூச்சிரைக்கும் இதய நோயாளியை மூச்சை அடக்கச் சொல்லுதல் எவ்வளவு கடுமையான செயல் என்பதைப் படத்தை மட்டும் காண்போர் மறந்துவிடுகின்றனர்.

இவ்வகைப் படத்தில் குருதி வெண்மையாகவும் தசை கருஞ்சாம்பலாகவும் தோன்றும். வேற்றுமை பெரிதாயிற்றே, எல்லை காண்டல் எளிதன்றோ என்று வினவலாம். உள்ளெல்லை பெரும்பான்மையும் எளிதே. ஆயினும் அறையினுள் காம்புத் தசைகள் என்பன நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவையும் கருமையே. அவற்றை அறையோடு சேர்ப்பதா, சுவரோடு சேர்ப்பதா? பெரும்பாலான மருத்துவர் அறையோடு சேர்த்தே எல்லை வரைகின்றனர். சிலர் அவ்வாறு செய்வதில்லை. இரண்டும் ஏற்ற வழக்குகளே. ஆனால் ஒருவர் ஒரு வழக்கையும் மற்றொருவர் பிறிதொரு வழக்கையும் பின்பற்றிய அளவுகளை ஒப்பிட்டால் முடிவு பிறழும். வெளியெல்லையின் இடர் வேறு வகையினது. இடப்பக்கம் தசையை அடுத்து நுரையீரல் உள்ளது. தசையும் கருமை, நுரையீரலும் கருமை. அவ்விடத்து எல்லை கண்ணுக்கே புலப்படாது மறைகின்றது.

எதற்காக அளக்கின்றனர்

இதயம் நன்கு விரிந்து நிறைந்த நிலையில் இடக்கீழறை கொள்ளும் அளவு ஒன்று, முற்றும் சுருங்கிய நிலையில் எஞ்சும் அளவு ஒன்று. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் ஒரு துடிப்பில் வெளியேறும் குருதியின் அளவு கிடைக்கும். அதனை முன்னதால் வகுத்து நூற்றுக்கு இத்தனை என்று கூறுவர். இதனை ‘வெளியேற்று விழுக்காடு’ என்போம். விரிநிலையில் 150 மில்லிலிட்டரும் சுருங்குநிலையில் 60 மில்லிலிட்டரும் உடைய இதயத்தின் வெளியேற்று விழுக்காடு 60. இது நலமுடையார்க்குரிய அளவு.

அளவைக் கணக்கிடும் முறை எளிது. ஒவ்வோர் அடுக்கிலும் எல்லைக்குட்பட்ட பரப்பைக் கண்டு, அடுக்கின் தடிமனால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுவர். கணக்கு எளிதாயினும் விளைவு எளிதன்று. இதயம் தளர்ந்த ஒருவருக்கு உரிய மருந்துகளை மூன்று திங்கள் செவ்வனே தந்த பின்னரும் வெளியேற்று விழுக்காடு 35-ஓ அதனினும் குறைவோ ஆக நின்றால், திடீர் மரணத்தைத் தடுக்கும் மின்னதிர்ச்சிக் கருவியை நெஞ்சில் பொருத்தலாமா என்று மருத்துவர் ஆராய்வர். புற்றுநோய்க்கு மருந்துண்பவர்க்கு இவ்விழுக்காடு 10 புள்ளியோ மேலுமோ இறங்கி 50-க்குக் கீழ் வருமாயின், மருந்து இதயத்தைத் தாக்குகின்றதோ என்று ஐயுற்று மருத்துவத்தையே மாற்ற நேரும். ஒரு கோடு சிறிது தள்ளி வரையப்படுவதால் ஒருவர் நெஞ்சில் கருவி ஏறுகின்றது அல்லது ஏறாது நிற்கின்றது. எல்லை வகுத்தல் வெறும் ஓவியத் தொழில் அன்று என்பது இதனால் விளங்கும்.

பழைய வழிகள்

முதலில் தோன்றிய வழி ஒளியளவை மட்டும் நோக்கியது. இன்ன அளவுக்கு மேற்பட்ட வெண்மை குருதி, கீழ்ப்பட்டது தசை என்று ஒரு வரம்பு வைப்பது. அவ்வரம்பைத் தானே தேர்ந்துகொள்ளும் முறையை 1979-இல் ஜப்பான் நாட்டு ஒட்சு வகுத்தார். ஆனால் இதயத்தைச் சூழ்ந்த கொழுப்பும் வெண்மையே. காம்புத் தசை அறையினுள் இருந்தும் கருமையே. நிறத்தை மட்டும் கொண்டு இனத்தைக் கூறுதல் இயலாது என்பது விரைவில் தெரிந்தது.

இரண்டாவது வழி 1980-களின் இறுதியில் வந்தது. காஸ், விட்கின், டெர்சோபௌலஸ் என்னும் மூவர் ‘பாம்பு’ என்று பெயரிட்ட வளைகோட்டு முறையை வெளியிட்டனர். படத்தின்மேல் மீள்தன்மையுள்ள ஒரு கோட்டை இடுகின்றோம் எனக் கொள்க. அக்கோடு சுருங்க விழைகின்றது, கூரிய வளைவை வெறுக்கின்றது, ஒளி திடீரென மாறும் இடத்தை நோக்கி ஈர்க்கப்படுகின்றது. இம்மூன்று விழைவும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் இடத்தில் அது நிலைகொள்ளும். கருத்து மிக அழகியது. ஆயினும் பாம்பை எல்லைக்கு அணித்தே இட ஒரு மனிதர் வேண்டியிருந்தார். தொலைவில் இட்டால் அது காம்புத் தசையைப் பற்றிக்கொண்டு நின்றுவிடும். எல்லை மறைந்த இடத்தில் நுரையீரலுக்குள் வழிந்தும் போகும்.

மூன்றாவது வழியினர் வடிவ அறிவைத் துணைக்கொண்டனர். 1995-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கூட்ஸ், டெய்லர் முதலியோர் இயங்குவடிவ மாதிரி என்னும் முறையை விளக்கினர். பல இதயங்களின் எல்லைகளைக் கையால் வரைந்து, அவற்றின் சராசரி வடிவையும் அவ்வடிவு மாறுபடும் முறைகளையும் கணக்கிட்டு வைத்துக்கொள்வர். புதிய படத்தில் எல்லை தெளிவற்ற இடத்தை அச்சராசரி நிரப்பும். மறைந்த எழுத்தை யாப்பமைதி கொண்டு நிரப்பும் பதிப்பாசிரியரை இஃது ஒக்கும். இங்கே ஒரு பெருந்தீமை உண்டு. நலமுடைய இதயங்களையே கண்டு பழகிய மாதிரி, நோயால் திரிந்த இதயத்தைக் காணுங்கால் அதனைச் சராசரியின் பக்கம் இழுக்கின்றது. மாரடைப்புக்குப்பின் ஓரிடத்தில் மெலிந்து புடைத்த சுவரை அது செம்மையாக்கி வரைந்துவிடும். எந்நோயைக் காண்பதற்காக அளக்கப் புகுந்தோமோ அந்நோயையே அது மறைக்கும். பிழையுள்ள சுவடியிலும் தமக்குத் தெரிந்த பாட்டையே படித்துவிடும் பதிப்பாளரை நினைவுகூர்க.

கற்கும் கணிப்பொறி

2015-இல் செர்மானிய நாட்டு ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்து ரோனபெர்கர், ஃபிஷர், ப்ராக்ஸ் என்னும் மூவர் யூ-நெட் என்ற அமைப்பை வெளியிட்டனர். அதனை வரைந்து காட்டினால் ஆங்கில எழுத்தாகிய யூ-வின் வடிவில் அமைதலின் இப்பெயர் பெற்றது. வியப்பு என்னவெனின், அது இதயத்துக்காகச் செய்யப்பட்டதன்று. நுண்ணோக்கியில் கண்ட உயிரணுக்களின் எல்லையை வகுக்கவே செய்யப்பட்டது. ஆசிரியர்கள் காட்டிய சான்றுகளுள் ஒன்று பழ ஈயின் இளம்புழுவினுடைய நரம்புத் திரளின் 30 படங்களே. ஈயின் நரம்பிலிருந்து மனிதனின் இதயத்துக்கு அம்முறை இரண்டே ஆண்டில் வந்து சேர்ந்தது.

அதன் இயக்கத்தைச் சற்று விரிவாகக் காண்போம். அடிப்படைச் செயல் ஒன்றே. மூன்று புள்ளிக்கு மூன்று புள்ளி அளவுள்ள ஒரு சிறு சாளரத்தைப் படத்தின்மேல் நகர்த்துகின்றனர். சாளரத்தின் ஒன்பது இடங்களுக்கும் ஒன்பது எண்கள் உண்டு. சாளரத்தில் விழும் ஒளியளவுகளை அவ்வெண்களால் பெருக்கிக் கூட்டினால் ஒரு புதிய எண் வரும். எண்களைத் தக்கவாறு அமைத்தால் ஒரு சாளரம் நிமிர்ந்த விளிம்பைக் காணும், மற்றொன்று கிடந்த விளிம்பைக் காணும். இவ்வாறு பற்பல சாளரங்கள் படத்தை ஆய்ந்து பற்பல குறிப்புப்படங்களைத் தரும்.

அடுத்து, குறிப்புப்படத்தைப் பாதி அளவாகச் சுருக்குகின்றனர். சுருங்கிய படத்தில் அதே சிறு சாளரம் முன்னைவிட இருமடங்கு அகன்ற இடத்தைக் காணும். இவ்வாறு நான்கு முறை சுருக்கியபின், சாளரம் விளிம்பைக் காண்பதை விட்டு, ‘இவ்வளையத்தின் இடப்புறம் பிறை ஒன்று உள்ளது, ஆகவே இது கீழறையின் நடுவடுக்கு’ என்பது போன்ற பேரமைப்பை உணரும் நிலைக்கு வருகின்றது. ஆனால் சுருக்கத்தால் இடம் மங்கிவிட்டது. பொருள் தெரிகின்றது, எழுத்து தெரியவில்லை. ஆகவே யூ-வின் மறுகையில் ஏறிப் படத்தை மீண்டும் படிப்படியாக விரிக்கின்றனர். விரிக்கும் ஒவ்வொரு படியிலும், இறங்கும்போது அதே படியில் கிடைத்த நுண்ணிய குறிப்புப்படத்தைக் குறுக்கே கொண்டுவந்து சேர்க்கின்றனர். இக்குறுக்குப் பாலமே இவ்வமைப்பின் சிறப்பு. அகன்ற நோக்கால் பெற்ற பொருளும் அணுகிய நோக்கால் பெற்ற வடிவும் இவ்விடத்தில் ஒன்றாகின்றன. சுவடி படிப்போர் செய்வதும் இதுவே என்று முன்னர்க் கூறினோம்.

சாளர எண்களை எவரும் எழுதி வைப்பதில்லை. ஏறத்தாழ 3 கோடி எண்கள் இவ்வமைப்பில் உள. தொடக்கத்தில் அவை குருட்டாம்போக்கில் இடப்பட்டவை. மருத்துவர் எல்லை வரைந்த படம் ஒன்றைக் காட்டி, அமைப்பு தந்த விடையை மருத்துவர் விடையோடு ஒப்பிட்டு, பிழை குறையும் திசையில் ஒவ்வோர் எண்ணையும் மிகச் சிறிது மாற்றுகின்றனர். இதனைப் பல்லாயிர முறை செய்தபின் அமைப்பு தேர்ச்சி பெறுகின்றது. ஆகவே அது கற்பது இதயத்தை அன்று; இதயத்தை மருத்துவர் வரைந்த முறையை. காம்புத் தசையை அறையோடு சேர்க்கும் ஆசிரியரிடம் பயின்றால் அதுவும் சேர்க்கும். ஆசிரியரின் வழக்கு மாணவரின் இயல்பாகின்றது.

டீஜோன் படத்தொகுதியும் மதிப்பெண்ணும்

முறைகள் பெருகவே, எல்லாவற்றையும் ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டிய நிலை ஏற்பட்டது. 2017-இல் பிரான்சு நாட்டு டீஜோன் பல்கலைக்கழக மருத்துவமனையின் 150 நோயாளிகளின் படங்களைக் கொண்டு ஒரு போட்டி நடைபெற்றது. ஏ.சி.டி.சி. என்னும் சுருக்கப்பெயரால் அஃது அறியப்படும். நூறு பேர் படங்கள் பயிற்சிக்கு, ஐம்பது பேர் படங்கள் தேர்வுக்கு. நலமுடையார், மாரடைப்புற்றார், இதயம் விரிந்து தளர்ந்தார், தசை தடித்தார், வலக்கீழறை கெட்டார் என ஐவகையினர், வகைக்கு முப்பதின்மர். முன்னைய போட்டிகள் பலவற்றில் இத்தகைய வகைச்சமன் இல்லை. இத்தொகுதியின் தலையாய நலன் அதுவே என்பது எம் கருத்து.

விடையை மதிப்பிடும் அளவுகோல் டைஸ் எண் எனப்படும். டைஸ் என்பார் அமெரிக்க விலங்கியலார். 1945-இல் இரண்டு உயிரினங்கள் ஓரிடத்தில் எவ்வளவு சேர்ந்து வாழ்கின்றன என்பதை அளக்க அவர் வகுத்தது இது. கணிப்பொறி வரைந்த பரப்பும் மருத்துவர் வரைந்த பரப்பும் பொதுவாகக் கொள்ளும் பகுதியை இரட்டித்து, இரு பரப்புகளின் கூட்டுத்தொகையால் வகுக்க வருவது. முற்றும் பொருந்தின் 1, சிறிதும் பொருந்தாவிடின் 0. டீஜோன் போட்டியில் முன்னணியில் நின்ற முறைகள் விரிநிலை இடக்கீழறைக்கு 0.96 அளவிலும் தசைக்கு 0.90 அளவிலும் எண் பெற்றன. தசையை அம்முறைகள் மோசமாக வகுத்தன என்று இதனைக் கண்டவுடன் முடிவு செய்தல் தகாது. ஒரு கணக்கு அதனை விளக்கும்.

இடக்கீழறையை 20 புள்ளி ஆரமுள்ள வட்டமாகக் கொள்க. கணிப்பொறி ஒரு புள்ளி மிகுத்து 21 என்று வரைந்தால் டைஸ் எண் 800-ஐ 841-ஆல் வகுத்தது, அதாவது 0.95. அதனைச் சூழ்ந்த தசைவளையத்தின் வெளியாரம் 26 எனக் கொள்க. அவ்வெளியெல்லையை ஒரே ஒரு புள்ளி குறைத்து 25 என்று வரைந்தால் எண் 450-ஐ 501-ஆல் வகுத்தது, அதாவது 0.90. பிழை இரண்டிடத்தும் ஒரு புள்ளிதான். மெல்லிய உறுப்பு மிகுதியாகத் தண்டிக்கப்படுகின்றது. வெவ்வேறு உறுப்புகளின் டைஸ் எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோர் இதனை மறக்கலாகாது.

இனி, எண் உயர்ந்திருந்தும் முடிவு தவறாகும் நிலையைக் காண்போம். எம் கருத்தில் இதுவே இப்பொருளின் மையம். விரிநிலையில் 200 மில்லிலிட்டரும் சுருங்குநிலையில் 128 மில்லிலிட்டரும் உடைய ஒரு நோயாளியைக் கொள்க. வெளியேற்று விழுக்காடு 36. சுருங்குநிலைப் படத்தில் உண்மையில் கீழறையைச் சாராத ஓரடுக்கைக் கணிப்பொறி கீழறை என்று சேர்த்துக்கொண்டது எனக் கொள்க. அவ்வடுக்கில் வரைந்த பரப்பு 10 சதுர சென்டிமீட்டர், தடிமன் 0.8 சென்டிமீட்டர். கூடிய அளவு 8 மில்லிலிட்டர். சுருங்குநிலை அளவு 136 ஆகின்றது. விழுக்காடு 32-க்கு இறங்குகின்றது. 35 என்னும் வரம்பு இடையே கடக்கப்பட்டுவிட்டது. இந்நிலையில் டைஸ் எண் என்ன? 256-ஐ 264-ஆல் வகுத்தால் 0.97. போட்டியில் வெற்றி பெறத்தக்க மதிப்பெண் அது.

வாயிற்புறத்துச் சிக்கல்

மேற்கூறியது கற்பனைக் கணக்காயினும், அவ்வகைப் பிழை கற்பனை அன்று. இதயம் தலைகீழாக நிறுத்திய கூம்பு போன்றது. அதன் கூரிய முனை கீழே உள்ளது. அகன்ற பகுதி, மேலறைக்கும் கீழறைக்கும் இடையே வால்வுகள் அமைந்த பகுதி, மேலே உள்ளது. உடற்கூற்று நூலார் மேலே உள்ள அதனை ‘அடி’ என்பர். மயக்கம் தீர யாம் அதனை ‘வாயிற்புறம்’ என்கின்றோம். இதயம் சுருங்கும்பொழுது முனை ஏறக்குறைய நின்றவிடத்தே நிற்க, வாயிற்புறம் முனையை நோக்கி ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலாக இறங்குகின்றது. படக்கருவியின் அடுக்கோ இறங்குவதில்லை. ஆகவே விரிநிலையில் கீழறையைக் காட்டிய அதே அடுக்கு, சுருங்குநிலையில் மேலறையைக் காட்டும். மேலறையிலும் வெண்மையான குருதியே உள்ளது. வட்டமாகவும் தோன்றும். சில அடுக்குகளில் பாதி மேலறை, பாதி கீழறை எனக் கலந்தும் வரும்.

தேர்ந்த மருத்துவரே இவ்விடத்துத் தம்முள் வேறுபடுவர். நெடுக வெட்டிய படத்தை உடன் வைத்து நோக்கினால் வால்வின் நிலை தெரியும். மருத்துவர் அவ்வாறே நோக்குகின்றனர். அடுக்குகளைத் தனித்தனியே கொடுத்துக் கணிப்பொறியைக் கேட்டால் அதற்கு அவ்வுதவி இல்லை. டீஜோன் போட்டியின் முடிவுகளை ஆராய்ந்தோரும் பிழைகள் வாயிற்புறத்திலும் முனைப்புறத்திலுமே மிகுதியாகத் திரண்டன என்று காட்டினர். நடுவடுக்குகள் பல ஆதலின் அங்குப் பெற்ற நன்மதிப்பெண் ஓரத்துப் பிழையை மூடிவிடுகின்றது.

அவர் கண்ட இன்னொரு பிழை விந்தையானது. சிற்சில படங்களில் கணிப்பொறி ஓட்டை விழுந்த தசைவளையத்தை வரைந்திருந்தது. அறைக் குருதி நேரே நுரையீரலைத் தொடுவது போன்ற அமைப்பு அது. முதலாண்டு மருத்துவ மாணவனும் இத்தகைய கோட்டை இடான். புள்ளிதோறும் பெயரிடும் முறைக்கு முழு உருவத்தைப் பற்றிய கட்டுப்பாடு இயல்பாக இல்லை என்பதையே இது காட்டும். பின்னர் வந்தோர், உடற்கூற்றுக்கு ஒவ்வாத வடிவைக் கண்டு ஒத்த வடிவுக்கு மாற்றும் படி ஒன்றை இறுதியில் சேர்த்துள்ளனர். பழைய வடிவ மாதிரியின் அறிவு இவ்வாறு வேறு வாயில் வழியாகத் திரும்பி வந்துள்ளது. அதனோடு அதன் பழைய தீமையும் வருமோ என்பதைக் கண்காணித்தல் வேண்டும்.

எவருடைய இதயங்கள்

ஒரு நோயாளியின் விரிநிலை, சுருங்குநிலைப் படங்களில் கையால் எல்லை வரையத் தேர்ந்தவர்க்கு ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். கணிப்பொறி சில நொடிகளில் முடிக்கின்றது. இவ்விரைவால் முன்னர் எண்ணியும் பாராத ஆராய்ச்சிகள் கைகூடியுள்ளன. ஐந்து இலட்சம் பேர் பங்குகொண்ட யு.கே. பயோபேங்க் என்னும் பிரித்தானியத் திட்டத்தில், 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 4,875 பேரின் இதயப் படங்களில் கையால் வரைந்த எல்லைகளைக் கொண்டு கணிப்பொறியைப் பயிற்றி, அதன் விடைகள் தேர்ந்தவர் தம்முள் வேறுபடும் அளவுக்குள் அடங்கின என்று காட்டிற்று.

ஆனால் அத்திட்டத்தில் பங்குகொண்டோர் பெரும்பாலும் வெள்ளையர். 2021-இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியினர் சிலர் ஒரு வினா எழுப்பினர்: அப்படங்களில் பயின்ற அமைப்பு எல்லா இனத்தார்க்கும் ஒத்த செம்மையோடு எல்லை வகுக்கின்றதா? இல்லை என்பது விடை. ஆடவர், மகளிரிடையே வேறுபாடு பெரிதாக இல்லை. பயிற்சிப் படங்களில் அவ்விரு பாலாரும் ஏறக்குறையச் சமமாகவே இருந்தனர். இனத்தால் சிறுபான்மையோர்க்கோ டைஸ் எண் தெளிவாகத் தாழ்ந்தது. சிறுபான்மையோர் படங்களைப் பயிற்சியில் உரிய பங்கு பெறச் செய்தபோது அவ்வேறுபாடு குறைந்தது. முழுத்தொகுதியின் சராசரி எண்ணை மட்டும் அச்சிட்டிருந்தால் இஃது என்றும் வெளிப்பட்டிராது.

கருவியின் வேற்றுமையும் இத்தகையதே. 2020-இல் நடந்த எம்.அண்டு எம்.ஸ் என்னும் போட்டியில், ஸ்பெயின், கனடா, செர்மனி ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளிலிருந்து நான்கு நிறுவனங்களின் கருவிகளில் எடுத்த 375 பேர் படங்கள் திரட்டப்பட்டன. சில நிறுவனங்களின் படங்களில் மட்டும் பயின்ற அமைப்புகள், பயிற்சியில் காணாத நிறுவனத்தின் படங்களில் தளர்ந்தன. ஒரே இதயம், வேறொரு பொறியில் எடுத்த படம், வேறு எல்லை. இதற்கு மாற்றாகப் பயிற்சிப் படங்களின் ஒளியையும் வடிவையும் வேண்டுமென்றே பலவாறு திரித்துக் காட்டிப் பழக்குகின்றனர். அது பெரிதும் பயன்பட்டது.

இவ்விடத்து நம் நாட்டு மருத்துவமனைகளில் இத்தகைய மென்பொருளை வாங்குவோர் கேட்கவேண்டியவை சில உள. இது யாருடைய படங்களில் பயின்றது? காம்புத் தசையை எப்பக்கம் சேர்க்கின்றது? வாயிற்புற அடுக்கைத் தேர்வது பொறியா, மருத்துவரா? நம் கருவியில் எடுத்த, நம் மருத்துவர் கையால் எல்லை வரைந்த ஐம்பது படங்களையேனும் அதற்கு இட்டு, அது தந்த விழுக்காட்டை அவர் விழுக்காட்டோடு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒப்பிட்டு, 35-ஐக் குறுக்கே கடந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தல் ஒரு மருத்துவர் சில நாளில் முடிக்கத்தக்க வேலையே. கையால் வரையும் அந்த 20 நிமிடத்தைக் கணிப்பொறி மிச்சப்படுத்துகின்றது. அதில் 2 நிமிடத்தை வாயிற்புறத்து இரண்டு அடுக்குகளைக் கண்ணால் நோக்குவதற்குச் செலவிட்டால், மேலே கணக்கிட்ட அந்த 8 மில்லிலிட்டர்ப் பிழை பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.